அலமாரி வரை வராத கணினி

பல்கலைக்கழகங்களுக்கு டிஜிட்டல் சப்ளை செயின், அதாவது பொருள் வாங்குவது முதல் தீர்வது வரை கணினியில் கண்காணிக்கும் முறை, வந்துவிட்டதா என்று கேட்டால், வாங்கும் மேசைவரை வந்துவிட்டது, அலமாரிக்குத்தான் இன்னும் வரவில்லை என்பேன். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், கோவை எல்லையை ஒட்டிய ஒரு வளாகத்தில் ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறேன்.

வந்த நன்மைகள் பெரியவை. கண்ணாடிக் குடுவையும் கெமிக்கலும் எங்களுக்குப் பெரும்பாலும் கோவையிலிருந்துதான். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வரும்வரை வாளையாறு செக்போஸ்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். இன்றைக்கு மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் என்ற இணையவழிச் சரக்குச் சீட்டு போதும். காலையில் ஏற்றியது மதியம் இறங்குகிறது. அரசு நிறுவனங்கள் பொருள் வாங்க 2016-இல் தொடங்கிய ஜெம் (GeM) என்ற இணையச் சந்தைத் தளத்தில் விலையும் விற்பவரும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறார்கள். சரக்கைப் பார்த்து ஏற்புச் சான்றை 10 நாளுக்குள் போட வேண்டும் என்ற விதி சின்ன சப்ளையர்களுக்குப் பெரிய ஆறுதல். "பில் எப்பங்க பாஸாகும்?" என்று அவர்கள் வராந்தாவில் காத்து நின்ற காலத்தைப் பார்த்தவன் நான்.

ஆனால் சரக்கு லேபுக்குள் போனதும் கதை நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஒரு துறையில் பிரிக்காத பாட்டில் தூங்கும். பக்கத்துத் துறை அதையே கேட்டு இன்டென்ட் அனுப்பும். ரிஜிஸ்டரை அப்படியே கணினியில் ஏற்றினாலும் தீராது. ஒருவர் எத்தனால் என்று எழுதுவார், இன்னொருவர் ஈதைல் ஆல்கஹால் என்பார். கணினிக்கு அவை இரண்டு பொருள். 64-17-5 என்ற சிஏஎஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உலகம் முழுக்க உள்ள தனி அடையாள எண்ணை, போட்டால்தான் ஒன்றாகும். இந்த எண்ணை நிரப்பும் ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்காமல் லட்சக்கணக்கில் மென்பொருள் வாங்குவது வீண்.

பணம் மட்டும் போனால் பரவாயில்லை. டைஎத்தில் ஈதர் என்ற லேப் திரவத்தைத் திறந்து நாள்பட வைத்தால் காற்றுப் பட்டுப் பெராக்சைடு சேரும். மூடியைத் திருகும்போதே வெடிக்கலாம். பாட்டில் எந்தத் தேதியில் திறக்கப்பட்டது என்பது வாங்கிய பில்லில் இருக்காது. அது லேப் அசிஸ்டென்டுக்கு மட்டுமே தெரியும். எங்கள் பக்கத்து அசிஸ்டென்ட் அக்கா ஒருவர் தேதியைச் சின்னக் காகிதத்தில் எழுதி ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டிவைப்பார். முறையான சப்ளை செயின் அந்தக் காகிதத்தில்தான் தொடங்குகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

மென்பொருள் பயிற்சிக்கு அழைக்கப்படுவதோ அதிகாரிகளும் கணக்குப் பிரிவும். திரை முழுக்க ஆங்கிலம். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம் என்று வாழும் அக்காவிடம் பாஸ்வேர்டுகூட இல்லை. முதல் லாகின் அவருக்குப் போகட்டும். பாட்டிலுக்கு ஒரு க்யூஆர் சீட்டு, திறந்த தேதி, மிச்ச அளவு, இந்த மூன்றையும் தமிழிலோ மலையாளத்திலோ போனிலேயே பதிய வழி வேண்டும். அடுத்த டெண்டர் நிபந்தனைகளில் இதைச் சேர்க்கச் சொல்லிக் குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன்.