முதல் சிபாப் வாங்கும்போது மாஸ்க்கில் தொடங்குங்கள்

குறட்டைக்கு வழி கேட்டு டாக்டரிடம் போனவர், 'ஸ்லீப் ஆப்னியா', அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு, என்று எழுதிய ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வருகிறார். தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், லெனேஷியா என நம்மவர்கள் இருக்கும் எந்த ஊரிலும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: மாஸ்க் வழியாகக் காற்றைத் தரும் சிபாப் மெஷின்களில் எது நல்லது? நாங்கள் இந்தப் பாதையில் போய் வந்தவர்கள். பிறகு சொந்தபந்தங்கள் பலருக்குத் துணையாகவும் போயிருக்கிறோம். மெஷினைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் மாஸ்க்கைப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறோம். நல்ல கம்பெனி மெஷின்கள் எல்லாமே காற்றை அழுத்தத்தோடு தள்ளும் ஒரே வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. பாதி ராத்திரியில் கழற்றி வீசப்படுவது மாஸ்க்தான். அப்படிக் கழற்றியவர்கள் பலர் இரண்டு மாதத்தில் மெஷினையே அலமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள்.

கடைக்குப் போகும் முன் ரிப்போர்ட்டை நிதானமாகப் படியுங்கள். ஏஹெச்ஐ என்ற எண், ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதைச் சொல்கிறது. குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் அது கணக்கில் வரும். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. வீட்டில் செய்யும் சோதனைகளில் பல, நீங்கள் தூங்கிய நேரத்தை அளப்பதில்லை. கருவி ஓடிய நேரத்தால் வகுக்கின்றன. புரண்டு புரண்டு விழித்துக் கிடந்த இரவில் எண் உண்மையைவிடக் குறைவாக வரும். ஆகவே வீட்டுச் சோதனையில் 13 வந்தது, லேசானதுதான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு தூரம் இறங்கியது, மல்லாந்து படுத்தபோது எண் எவ்வளவு, 'சென்ட்ரல்' வகை எத்தனை என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

தொண்டை அடைபடுவது ஒரு வகை. மூளை மூச்சு விடச் சொல்ல மறப்பது சென்ட்ரல் வகை. இரண்டாவது அதிகம் இருந்தாலோ, இதயம் பலவீனமாக இருந்தாலோ, நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தாலோ மெஷினை நீங்களாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தை மாற்றும் ஏஎஸ்வி என்ற வகை மெஷின், இதயத்தின் பம்ப் திறன் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தவர்களில் இறப்பைக் கூட்டியது என்று 2015இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. விலை மலிவாக வருகிறது, கூடுதல் வசதி இருக்கிறது என்பதற்காக அந்தப் பக்கம் போக வேண்டாம். தொண்டை அடைபடும் சாதாரண ஆப்னியா உள்ள பெரும்பாலோருக்கு ஆட்டோ சிபாப், அதாவது 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் மெஷின், போதுமானது.

மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்புத் திட்டம் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே அனுமதி எண்ணை வாங்கிவிடுங்கள். வாங்கிய பிறகு ரசீதை அனுப்பினால் பல திட்டங்கள் மறுத்துவிடும். டாக்டரின் கடிதம், தூக்கச் சோதனை ரிப்போர்ட், கடைக்காரரின் கொட்டேஷன், அதில் நோயைக் குறிக்கும் ஐசிடி-10 குறியீடு ஜி47.3, பொருளை அடையாளம் காட்டும் நாப்பி எண் ஆகியவை வேண்டும். சலுகைக் கணக்கு ஜனவரியில் புதுப்பிக்கப்படும். ஆண்டுக் கடைசியில் மெஷினுக்கே வரம்பு தீர்ந்துவிட்டால், இரண்டாவது மாஸ்க்கை ஜனவரிக்குத் தள்ளி வையுங்கள். மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான சாப்ராவின் உரிமம் விற்பவரிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

இனி மாஸ்க். மூன்று குடும்பங்கள் உண்டு. மூக்குத் துளைகளில் சிறு குமிழ் போல் உட்காரும் பில்லோ, மூக்கை மூடும் நேசல், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ். "வாய் திறந்து தூங்குகிறேன்" என்று நீங்கள் சொன்னதும் கடையில் ஃபுல் ஃபேஸை எடுத்து நீட்டுவார்கள். உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். மூச்சு முட்டுவதால்தான் பலர் வாயைத் திறக்கிறார்கள். அழுத்தம் கிடைத்துச் சில வாரங்களில் வாய் தானாக மூடிக்கொள்வதும் உண்டு. ஃபுல் ஃபேஸ் தாடையைப் பின்னால் தள்ளும், ஓரம் நீளமானதால் காற்று கசிய இடம் அதிகம், பொதுவாக அழுத்தமும் கூடுதலாகத் தேவைப்படும். மூக்கு வழியாக மூச்சு விட முடிகிறவர் நேசலில் தொடங்குவதே நல்லது என்பது எங்கள் அழுத்தமான கருத்து. மூக்கு எப்போதும் அடைத்திருந்தால் முதலில் மூக்கைக் கவனியுங்கள். கொதித்து ஆறிய நீரில் உப்புக் கரைசல், ஒவ்வாமைக்கு டாக்டர் தரும் ஸ்ப்ரே இரண்டும் உதவும். எலும்பு வளைந்து மூக்கு அடைத்தவருக்கு ஃபுல் ஃபேஸ் தேவைப்படலாம்.

அளவு பார்க்கும்போது கடையில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் போதாது. மெஷினோடு இணைத்து, உங்களுக்குத் தேவைப்படும் அழுத்தத்தை வைத்து, படுத்து, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். 6இல் சத்தமில்லாமல் இருக்கும் மாஸ்க் 13இல் கண்ணுக்குள் காற்றை ஊதும். பட்டையைத் தளர்வாக மாட்டிக் காற்றை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து சற்று இழுத்து மீண்டும் உட்கார வையுங்கள். சிலிக்கான் ஓரம் காற்றில் உப்பித் தானே தோலோடு ஒட்டும். அதற்குப் பிறகுதான் பட்டையை இழுக்க வேண்டும். கசிகிறதே என்று இறுக்கினால் உப்பிய ஓரம் நசுங்கி இன்னும் கசியும். மூக்குத்தண்டில் புண்ணும் வரும். கன்னத்தில் ஆழமாகத் தடம் விழுந்தால் இறுக்கம் அதிகம், அல்லது அளவு தவறு.

நம் வீடுகளுக்கென்று சில விஷயங்கள் உண்டு. கடையில் யாரும் கேட்பதில்லை. இரவில் பல்செட்டைக் கழற்றி வைப்பவர், கழற்றிவிட்டுத்தான் மாஸ்க் அளவு பார்க்க வேண்டும். செட் இல்லாதபோது கன்னம் உள்வாங்கி, பகலில் பொருந்திய ஃபுல் ஃபேஸ் இரவில் பொருந்தாது. ஆயா, தாத்தாவுக்கு வாங்கும்போது இதை மறந்துவிடாதீர்கள். மூக்குத்தி அணிந்தவருக்குப் பில்லோ உள்பக்கத் திருகில் உரசும், நேசல் மாஸ்க்கின் ஓரம் மேலே ஏறி உட்காரும். இரவில் கழற்றலாம், கழற்ற மனமில்லை என்றால் மூக்குக்குக் கீழே தொட்டில் போல் தாங்கும் வகையைப் பாருங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுத்தால் பட்டை நழுவும், சிலிக்கானும் சீக்கிரம் பிசுபிசுக்கும். எண்ணெயைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், படுக்கும் முன் முகத்தை சோப்பால் கழுவுங்கள், கிரீம் வேண்டாம். கொண்டை போடுபவர் அதைத் தளர்த்திப் பின்னலாக்கினால் பின்பட்டை சரியாக உட்காரும். அடர்ந்த தாடி வைத்தவருக்கு ஃபுல் ஃபேஸ் மோவாயில் கசியும். பில்லோ நன்றாக நிற்கும்.

பல மாஸ்க்குகளின் கொக்கியில் காந்தம் இருக்கிறது. பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி போன்றவை இருந்தால், கட்டிலைப் பகிர்பவருக்கு இருந்தாலும்கூட, காந்தம் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். காந்தத்துக்கும் அந்தக் கருவிக்கும் 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் எச்சரிக்கை.

மெஷினில் பார்க்க வேண்டியது மூன்று. ஒவ்வொரு இரவின் ஏஹெச்ஐ, கசிவு, அழுத்தம் மூன்றையும் விவரமாக மெமரி கார்டில் பதிய வேண்டும். மொத்த மணி நேரத்தை மட்டும் காட்டும் மெஷின் வேண்டாம். சூடாக்கும் ட்யூப் பொருத்த வசதி வேண்டும். மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைத் தளர்த்தும் வசதி வேண்டும். ரெஸ்மெட் கம்பெனி மெஷினில் அது 1 முதல் 3 வரை இருக்கும். ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கார்டைத் திறந்தால் இரவு முழுவதையும் நிமிடம் நிமிடமாகப் பார்க்கலாம். பழைய மெஷின் கிடைத்தால், ஃபிலிப்ஸ் 2021 ஜூனில் திரும்பப் பெற்ற முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷனா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் ஒலித்தடுப்பு ஃபோம் உதிர்ந்து மூச்சில் கலக்கலாம் என்பதே காரணம். அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு அனுப்பிவைத்தாலும் அதை அணியக் கூடாது. சென்னையிலிருந்து மெஷினோடு வந்தவருக்கு வேறு மின் அடாப்டர் தேவையில்லை, அது 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். சிறிய மூன்று முள் பிளக் இங்குள்ள பெரிய சாக்கெட்டில் நுழையாது என்பதால் கேபிளை மட்டும் மாற்றினால் போதும்.

தொழிற்சாலை அமைப்பில் அழுத்தம் 4 முதல் 20 வரை திறந்திருக்கும். 4இல் பெரியவர்கள் பலருக்குக் காற்றுப் போதாமல் மூச்சுத் திணறும், பயந்து கழற்றுவார்கள். டாக்டரிடமோ டெக்னீஷியனிடமோ கேட்டு 6 அல்லது 7இல் தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்து, இரவில் 95 சதவீத நேரம் எந்த அழுத்தத்துக்குள் ஓடியது என்பதைப் பார்த்து அதைச் சுற்றி எல்லையைச் சுருக்கச் சொல்லுங்கள்.

ஈரப்பதத்தைப் பொறுத்தவரை டர்பனும் ஜோஹன்னஸ்பர்க்கும் இரண்டு உலகங்கள். கடற்கரையில் கோடைக்காலக் காற்றே ஈரமாக இருக்கும். தொட்டித் தண்ணீரைச் சூடாக்கிக் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரை 1, 2இல் வைத்தாலும் நிறுத்தினாலும் பலருக்குச் சரியாகவே இருக்கும். மேட்டுநிலத்தில் ஜூன், ஜூலை இரவுகள் வறண்டும் குளிர்ந்தும் இருப்பதால் ஈரத்தைக் கூட்ட வேண்டிவரும். கூட்டினால் சூடான ஈரக்காற்று குளிர்ந்த ட்யூபில் தண்ணீராகி மூக்கில் தெறிக்கும். ட்யூபைப் போர்வைக்குள் ஓட்டுங்கள் அல்லது துணியுறை மாட்டுங்கள், மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள். சூடாக்கும் ட்யூப் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புதிய மெஷின்கள் உயரத்தைத் தாமே சரிசெய்துகொள்ளும். பழையவற்றில் கையால் மாற்ற வேண்டியிருக்கும். தொட்டியில் தண்ணீரோடு மெஷினைத் தூக்கவோ சாய்க்கவோ கூடாது, மோட்டாருக்குள் இறங்கிவிடும். காய்ச்சி வடித்த நீரைக் கெமிஸ்டில் வாங்குங்கள்; கராஜில் விற்கும் பேட்டரித் தண்ணீர் வேண்டாம். சளி பிடித்தால் தொட்டியில் யூகலிப்டஸ் எண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நுரையீரலுக்கும் ஆகாது, பிளாஸ்டிக்குக்கும் ஆகாது.

டர்பனுக்கு வடக்கே கடற்கரையோரம், டோங்காட், ஸ்டேங்கர் பக்கம், கரும்பு வெட்டும் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை தோட்டம் கொளுத்திய கரி ஜன்னல் வழியாக வரும். தயாரிப்பாளர் ஃபில்டருக்கு ஆறு மாதம் என்று எழுதியிருந்தாலும் அந்தப் பக்கத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், சாம்பல் நிறமானதும் மாற்றுங்கள். சாம்பிராணிப் புகை வரும் அறையிலும் இதே கணக்குத்தான். ஓசோன் மூலம் சுத்தம் செய்யும் பெட்டிகளை வாங்க வேண்டாம். மிதமான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும்.

கரண்ட் விஷயத்தில்தான் இங்குள்ளவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 2024 மார்ச் முதல் பல மாதங்கள் லோட் ஷெட்டிங் நின்றிருந்தது, 2025இல் திரும்பவும் வந்தது. கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் பழுதும் எப்போதும் உண்டு. கணக்கு இது: ஹியூமிடிஃபையரும் ட்யூப் சூடும் இல்லாமல் மெஷின் சுமாராக 10 முதல் 15 வாட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 80 முதல் 120 வாட்-மணி. சூட்டோடு ஓட்டினால் இது நான்கு மடங்காகும். 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் சுமார் 256 வாட்-மணி இருக்கிறது. சூடில்லாமல் ஒரு முழு இரவு ஓடி மிச்சமும் இருக்கும். வைஃபைக்கு வாங்கிய சின்ன பேட்டரிப் பெட்டியில் பெரும்பாலும் 30, 40 வாட்-மணிதான் இருக்கும், வோல்ட்டும் பொருந்தாது. இன்வெர்ட்டர் வைத்தால் அதுவும் கொஞ்சம் மின்சாரத்தைத் தின்றுவிடும். டிசி கேபிள்தான் சிக்கனம். ரெஸ்மெட் ஏர்சென்ஸுக்கு 24 வோல்ட், ட்ரீம்ஸ்டேஷனுக்கு 12 வோல்ட். மாற்றிக் கொடுத்தால் மெஷின் ஓடாது, பழுதாகவும் கூடும். கரண்ட் திரும்பும் கணத்தில் வரும் வோல்டேஜ் ஏற்றத்துக்கு ஒரு சர்ஜ் பிளக் அவசியம்.

முதல் வாரங்களில், பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகுங்கள். வயிறு காற்றால் உப்பினால் அழுத்தம் அதிகமாக இருக்கலாம், கேளுங்கள். காலையில் வாய் வறண்டிருந்தால் வாய்க் கசிவைச் சந்தேகியுங்கள். கசிவு வரைபடம் ஒரே மட்டத்தில் உயர்ந்து நின்றால் மாஸ்க் சரியாக உட்காரவில்லை, ஏறி இறங்கிப் பல் பல்லாக இருந்தால் பெரும்பாலும் வாய். ரெஸ்மெட் கணக்கில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் கசிந்தால் மற்ற எண்களை நம்ப முடியாது. ஆகவே ஏஹெச்ஐ ஏன் இறங்கவில்லை என்று கவலைப்படுவதற்கு முன் கசிவைப் பாருங்கள். புதிதாகச் சென்ட்ரல் வகை தலைகாட்டினால் பலருக்குச் சில வாரங்களில் அடங்கும். அடங்காவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் சேரும்போது, கண்புரையோ குடலிறக்கமோ எதுவானாலும், மெஷினையும் மாஸ்க்கையும் பையில் எடுத்துப்போங்கள். மயக்க மருந்து கொடுப்பவரிடம் ஆப்னியா இருக்கிறது, அழுத்தம் இத்தனை என்று முன்னாலேயே சொல்லுங்கள். மயக்கம் தெளியும் நேரத்தில் தொண்டை மிக எளிதாக அடைபடும்.