சீனியாரிட்டி நம்பர்

விமான கம்பெனி லாபம்னு பேச்சு வந்தா எல்லாரும் எரிபொருளைத்தான் சொல்றாங்க. நியாயம்தான். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டப்ப, முன்கூட்டியே விலை பேசி வச்சிருந்த சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் தாக்குப்பிடிச்சது. விலை சரிஞ்சதும் அதே ஒப்பந்தங்களால மூணாவது காலாண்டில் நஷ்டம் காட்டுச்சு.

ஆனா என்னை உறுத்துறது யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் கதை. 2005-ல் அவங்க கம்பெனி அமெரிக்கா வெஸ்ட்ங்கிற இன்னொரு விமான கம்பெனியோட இணைஞ்சுச்சு. விமானிக்கு சீனியாரிட்டி நம்பர், அதாவது கம்பெனி விமானிகள் வரிசையில் எத்தனாவது ஆள்ங்கிறதுதான் உசுரு. எந்த விமானம், எந்த ரூட், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்கலாமா, ஆட்குறைப்பு வந்தா யார் முதல்ல வெளியே போறது, எல்லாமே அதுதான். ரெண்டு கம்பெனி வரிசையையும் ஒண்ணாக்குறதுக்கு 2007-ல் நடுவர் தீர்ப்பு வந்துச்சு. வேலையிழந்து காத்திருந்த கிழக்குத் தரப்பு (பழைய யுஎஸ் ஏர்வேஸ்) விமானிகள், பல வருஷ சர்வீஸ் இருந்தும், மேற்கில் (அமெரிக்கா வெஸ்ட்டில்) புதுசா சேர்ந்தவங்களுக்குக் கீழே போனாங்க.

யுஎஸ் ஏர்வேஸ் திவாலானப்ப பென்ஷன் திட்டத்தையே பறிகொடுத்தவங்க அவங்க. கோபம் வராம இருக்குமா? 2008-ல் பழைய சங்கத்தையே ஓட்டுப் போட்டுத் தூக்கிட்டாங்க. மேற்குத் தரப்பு, "நடுவர் சொன்னா சொன்னதுதான்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோமே"ன்னு கோர்ட்டுக்குப் போச்சு. அதிலும் நியாயம் இருக்கு.

வழக்கு வருஷக்கணக்கா இழுத்துச்சு. கிழக்கு விமானிகள் திவால் காலத்துச் சம்பளத்திலேயே 2013 வரை ஓட்டினாங்க. கம்பெனிக்கு அது மிச்சம்.