பெண்ணையாற்றங்கரைக்கு வந்த அம்மன்

எங்கள் கடலூர்ப் பக்கம் காணும் பொங்கலோடு பொங்கல் முடிந்துவிடாது. தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவும் முடிந்தால்தான் முடிந்த கணக்கு. ஜனவரி 18 அல்லது 19இல் வரும். அன்றைக்குத் தென்பெண்ணைக் கரை ஊர்களில் வீடு பூட்டிக் கிடக்கும், ஆற்று மணல் ஆட்களால் நிறைந்திருக்கும்.

இந்த முறை அம்மாவை மஞ்சக்குப்பம் பெண்ணையாற்றுக்கு அழைத்துப் போனேன். முட்டிவலி வந்ததிலிருந்து அவர் கோயில் படி ஏறுவதில்லை. “என்னால போக முடியலைன்னா என்ன, இன்னைக்கு அவங்களே வராங்க இல்ல” என்று விடியற்காலையே புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து மாரியம்மன், பிள்ளையார், முருகன், பெருமாள் என்று ஒவ்வொரு சாமியாக டிராக்டரிலும் மினி லாரியிலும் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மணலில் வரிசையாக நிறுத்தி, தீர்த்தவாரி முடித்து, தீபாராதனை காட்டுகிறார்கள். பத்தடி நடந்தால் அடுத்த ஊர்ச் சாமி. எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே போய், எல்லாத் தட்டிலும் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டோம்.

இந்த ஆற்றுக்கு அந்த மரியாதை பழையது. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, கடலூருக்கு அருகே கடலில் சேரும் நதி. சுந்தரர் திருவெண்ணெய்நல்லூரில் பாடிய முதல் பதிகத்திலேயே பெண்ணை ஓடுகிறது. தை 5 அன்று அண்ணாமலையாரே திருவண்ணாமலையை விட்டு மணலூர்ப்பேட்டைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். புதுச்சேரிக்காரர்களுக்குச் சோரியாங்குப்பத்தில் இதே ஆறு, இதே நாள். அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நேரத்தில், நெல்லுக்குத் தண்ணீர் கொடுத்தவளைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

அவளுக்குக் கோபமும் உண்டு. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பித் திறந்தபோது, கரையோர வீடுகளுக்குள் புகுந்தது இதே ஆறுதான். அந்தத் தண்ணீரைப் பார்த்த கண்ணால் இன்று கணுக்கால் அளவு ஓடையில் குழந்தைகள் குதிப்பதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் கடைகள். வளையல், பலூன், ராட்டினம், கரும்பு எல்லாம் உண்டு. ஆனால் ஆற்றுத் திருவிழா என்றால் எனக்குக் கிழங்குதான். சாக்கை விரித்துச் சுருளிக்கிழங்கையும் சிறுவள்ளியையும் மண்ணோடு குவித்து வைத்திருப்பார்கள். ஆளுக்கொரு பை வாங்காமல் யாரும் கரையேறுவதில்லை. அம்மா ஒவ்வொன்றாக நகத்தால் கீறிப் பார்த்து, நல்லதை மட்டும் பையில் போட்டார்.

கிளம்பும் நேரத்தில் ஒரு மாரியம்மன் டிராக்டர், கூட்டத்தில் நகர முடியாமல் எங்களுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அபிஷேகம் முடிந்த ஈரம் காயாத முகம், கன்னத்தில் ஒட்டிய ஒரு சாமந்தி இதழ். “ஆத்தா, எங்கிட்டயே வந்து நின்னுட்டியா” என்று அம்மா டிராக்டரின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பூசாரி குனிந்து, கலசத்திலிருந்த மஞ்சள் தண்ணீரை அவர் கையில் ஊற்றினார். பாதியைக் குடித்து, மீதியை முட்டியில் தடவிக்கொண்டார்.

வண்டி நகர்ந்து வெகுநேரம் ஆகியும் அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.