அப்பா குப்பையில் போட்ட மஞ்சள் குழாய்

அப்பா சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் இருபத்தாறு வருடம் மீன் கடை வைத்திருந்தார். நான் பாலிடெக்னிக் படித்த நாட்களில் விடுமுறை விட்டால் விடியற்காலை ஐந்து மணிக்கே கடையில் இருப்பேன், ஐஸ் உடைத்துப் பரப்புவதும் மீனைக் கழுவிக் கொடுப்பதும் என் வேலை. 2006 என்று நினைவு. ஒரு சூரை மீனை அப்பா வெட்டிக்கொண்டிருந்தபோது முதுகில், இரண்டாவது துடுப்புக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறத்தில் சேமியா மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார், வரவில்லை. கத்தி முனையால் தோண்டி எடுத்தார், உள்ளே போயிருந்த முனையில் தூண்டில் முள் போல ஒரு கொக்கி. குழாய் மேல் பொடிப்பொடியாக எழுத்தும் எண்களும் இருந்ததைப் பார்த்துவிட்டு "அப்பா, என்னமோ எழுதியிருக்கு" என்றேன்.

"விடும்மா, வலையில இருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கும், ஆளு நிக்குது பாரு" என்று சொல்லி, செவுளும் குடலும் கிடந்த வாளியில் போட்டுவிட்டார். நானும் அடுத்த மீனைக் கழுவப் போய்விட்டேன்.

அது என்ன என்று எனக்குத் தெரிய வந்தது பத்து வருடம் கழித்து. சூரை மீன்களைப் பற்றி ஏதோ படித்துக்கொண்டிருந்தபோது ஒரு படம் வந்தது: அதே மஞ்சள் குழாய், அதே இடம், அதே கொக்கி. டேக். யாரோ ஒருவர் நடுக்கடலில் அந்த மீனை உயிரோடு பிடித்து, அளந்து, அதன் முதுகில் குத்தி, மறுபடி கடலில் விட்டிருக்கிறார். அந்த எண்ணை யாராவது என்றைக்காவது திருப்பிச் சொல்வார்கள் என்று நம்பித்தான் விட்டிருக்கிறார். எங்கள் கையில் வந்து சேர்ந்தது. நாங்கள் வாளியில் போட்டோம்.

அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். மீன் விற்பவர்கள், வெட்டுபவர்கள், பிடோக் ஜெட்டியில் தூண்டில் போடுபவர்கள், வாங்கிச் சமைக்கும் நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் இது தெரியவேண்டும் என்று நினைக்கிறேன், அதற்காகத்தான் இந்தப் பதிவு.

டேக் போடும் வேலை படகில் எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மீனைத் தூண்டிலில் பிடித்து, பஞ்சு மெத்தை போட்ட தொட்டிலில் கிடத்துவார்கள். கண்ணை ஈரத்துணியால் மூடினால் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். பெரிய மீனாக இருந்தால் வாயில் குழாய் வைத்துக் கடல் தண்ணீர் ஓடவிடுவார்கள், ஏனென்றால் சூரைக்குச் செவுளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை நீளம் பார்ப்பார்கள். அப்புறம் குழல் ஊசியில் செருகி வைத்த டேக்கை இரண்டாவது முதுகுத் துடுப்பின் அடியில் சாய்வாகக் குத்துவார்கள், கொக்கி துடுப்பைத் தாங்கும் எலும்புகளுக்கு இடையே போய் மாட்டிக்கொள்ளும். கத்தி இல்லாமல் எடுக்க வராததற்குக் காரணம் இதுதான். பழகிய கை இதையெல்லாம் அரை நிமிடத்துக்குள் முடித்து மீனைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டுவிடும்.

இந்தியப் பெருங்கடலில் 2005 முதல் 2007 வரை இப்படி 168,000க்கும் மேற்பட்ட சூரைகளுக்கு டேக் போட்டார்கள், பெரும்பகுதி தான்சானியா கடலோரத்தில். அவற்றில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்தது, அதிகமும் சீஷெல்ஸ் துறைமுகத்தில் மீன் இறக்கும் இடங்களில். எங்கள் கடைக்கு வந்தது அந்தக் கூட்டத்தில் ஒன்றா, பசிபிக் பக்கத்திலிருந்து வந்ததா, வேறு எங்கிருந்தாவது வந்ததா, எண் இல்லாமல் சொல்ல வழியே இல்லை.

சரி, ஒரு டேக் தொலைந்தால் என்ன பெரிய நஷ்டம்? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மூட்டை அரிசியில் எத்தனை அரிசி இருக்கிறது என்று எண்ணாமலே கண்டுபிடிக்க வேண்டும் என்று வையுங்கள். கல்யாணத்தில் தூவும் அட்சதை இருக்கிறதல்லவா, மஞ்சள் பூசிய அரிசி, அதில் சரியாக நூறை எண்ணி மூட்டையில் போட்டு நன்றாகக் கலக்குங்கள். பிறகு ஆயிரம் அரிசியை அள்ளிப் பாருங்கள். அதில் பத்து மஞ்சள் இருந்தால், நூறுக்கு ஒன்று மஞ்சள், ஆக மூட்டையில் சுமார் பத்தாயிரம் அரிசி. டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர்சன் என்பவர் 1890களில் தட்டை மீன்களுக்குக் குறி போட்டு விட்ட காலத்திலிருந்து கணக்கின் அடிப்படை இதுதான்.

இப்போது அரிசி அள்ளியவர் பத்தில் ஐந்து மஞ்சளைச் சொல்லாமல் தூக்கி எறிந்துவிட்டார் என்று வையுங்கள். உங்கள் கணக்கில் மூட்டை இருபதாயிரம் ஆகிவிடும்! கடலில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு மீன் இருக்கிறது என்று நம்பி, இன்னும் பிடிக்கலாம் என்று அனுமதி கொடுப்பீர்கள். தூக்கிப் போட்ட ஒவ்வொரு டேக்கும், கடலில் இல்லாத மீனை இருப்பதாகக் காட்டுகிறது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விஞ்ஞானிகளுக்கும் இது தெரியும். அதனால் அவர்கள் ஒரு வேலை செய்கிறார்கள். கப்பலில் ஏற்கெனவே பிடித்துவைத்த செத்த மீன்களில் சிலவற்றுக்கு, மற்றவர்களுக்குத் தெரியாமல் டேக் குத்தி, குவியலில் கலந்துவிடுவார்கள். அதில் எத்தனை திரும்பி வருகிறது என்று பார்த்தால், கிடைத்த டேக்கில் எத்தனை பங்கைத்தான் ஜனங்கள் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும், அதை வைத்து மொத்தக் கணக்கையும் திருத்துவார்கள். டேக்கைத் திருப்பிக் கொடுத்தால் பணமோ சட்டையோ தொப்பியோ பரிசு கொடுப்பதும் இதற்காகத்தான்.

இந்த மஞ்சள் டேக் இரண்டே இரண்டு இடத்தைச் சொல்லும், விட்ட இடம், பிடித்த இடம். நடுவில் மீன் எங்கே சுற்றியது என்று அதற்குத் தெரியாது. அதற்கு மின்னணு டேக் வேண்டும். ஜிபிஎஸ் வைத்துவிடலாமே என்று தோன்றும், ஆனால் உப்புத் தண்ணீருக்குள் ரேடியோ அலை போகாது, மீனோ மேலே வராது. ஆகவே வெளிச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். டேக்கில் உள்ள சின்ன உணரி சூரியன் எப்போது உதித்தது, எப்போது மறைந்தது என்று குறித்துக்கொண்டே போகும். இரண்டுக்கும் நடுப்புள்ளி நண்பகல், அதிலிருந்து தீர்க்கரேகை கிடைக்கும். பகல் எவ்வளவு நீளம் என்பதிலிருந்து அட்சரேகை. பழைய மாலுமிகள் சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்ட முறைதான், இங்கே மீன் முதுகில் இருந்தபடி.

நம் ஊர்க் கடலில் இது பாதிதான் எடுபடும். சிங்கப்பூரில் சூரிய நண்பகல் கடிகாரத்தில் ஒரு மணியையொட்டி வரும், 1982 தொடக்கத்தில் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததால். அதனால் சிக்கல் இல்லை, டேக் தன் கடிகாரத்தை வைத்துத் தீர்க்கரேகையைச் சரியாகச் சொல்லிவிடும். பகல் நீளம்தான் பிரச்சினை. லண்டனில் குளிர்காலத்தில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவான பகல் கோடையில் பதினாறு மணி நேரத்தைத் தாண்டும். நமக்கோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்பது நிமிடம் போல. ஒரு மேகம் மறைத்தால், மீன் கொஞ்சம் ஆழத்துக்குப் போனால், அந்த ஒன்பது நிமிடம் காணாமல் போய்விடும். மற்ற கடல்களில் தண்ணீரின் வெப்பத்தைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள், இங்கே எந்தப் பக்கம் போனாலும் கடல் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்கிறது. ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டும் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, அந்த ஒழுங்கே ஒரு மீனின் வழியை மறைக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

இன்னொரு வகை டேக் ஒலி எழுப்பும். கடலடியில் கேட்கும் கருவிகளை நட்டு வைத்து, மீன் பக்கத்தில் வந்தால் அதன் எண் பதிவாகும். நம் தண்ணீரில் அதற்குப் போட்டி அதிகம். கப்பல் சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், சொடுக்கு இறால் என்று விரல் நீளம்கூட இல்லாத ஒரு இறால், கொடுக்கைப் படாரென்று மூடி நீர்க்குமிழியை வெடிக்க வைக்கும். ஆயிரக்கணக்கில் சேர்ந்து வெடிக்கும்போது எண்ணெயில் கடுகு பொரிவது போல ராத்திரி பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஒலி ஆய்வுக்கூடத்தினர் இந்தச் சத்தத்தையே பல வருடம் ஆராய்ந்து, அதையே வெளிச்சம் போலப் பயன்படுத்தித் தண்ணீருக்குள் 'படம்' எடுக்கும் ரோமானிஸ் என்ற கருவியைச் செய்தார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை.

மின்னணு டேக்கில் எனக்கு மிகவும் பிடித்தது தானே கழன்று மேலே வரும் வகை. குறித்த நாள் வந்ததும் அதைப் பிடித்திருக்கும் உலோக ஊசியில் மின்சாரம் பாய்ந்து அது கடல் நீரில் அரித்துப்போகும், டேக் மிதந்து மேலே வந்து ஆர்கோஸ் செயற்கைக்கோள்களுக்குச் சுருக்கமாகச் செய்தி அனுப்பும். 2003 நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் ஒரு பெண் வெள்ளைச் சுறாவுக்கு இதைப் போட்டார்கள். 99 நாள் கழித்து டேக் மேலே வந்த இடம் மேற்கு ஆஸ்திரேலியா, 11,000 கிலோமீட்டர் தள்ளி! அதோடு முடியவில்லை. 2004 ஆகஸ்டில் அதே சுறா பழைய இடத்திலேயே நீந்திக்கொண்டிருந்தது, துடுப்பில் இருந்த வெட்டுத் தழும்புகளைப் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். ஒன்பது மாதத்தில் இந்தியப் பெருங்கடலைக் கடந்து போய் வந்துவிட்டது. தென்னாப்பிரிக்கா மட்டும் தன் கரையில் அந்தச் சுறாவைப் பாதுகாத்தால் போதாது என்று அந்த ஒரு மீன் காட்டிவிட்டது.

சில டேக் வேறு கதை சொல்லும். கனடா பக்கத்தில் கடலுக்குப் போன விலாங்குகளுக்குப் போட்ட டேக்குகளில் சிலவற்றில் திடீரென்று வெப்பம் ஏறியிருந்தது. கடல் தண்ணீரைவிடச் சூடான வயிற்றுக்குள், அதாவது உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் ஒருவகைச் சுறாவின் வயிற்றுக்குள், டேக் பயணம் செய்திருக்கிறது.

மீனுக்கு வலிக்காதா என்று என் அத்தை கேட்டார். வலிக்கும், சில மீன் செத்தும் போகும், அதை யாரும் மறைப்பதில்லை. ஆனால் டேக் இல்லாமல் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று பாருங்கள். அட்லாண்டிக்கின் நீலத்துடுப்புச் சூரையை 1980களின் தொடக்கத்திலிருந்து கடல் நடுவே ஒரு கோடு போட்டு, மேற்குக் கூட்டம், கிழக்குக் கூட்டம் என்று தனித்தனியாகக் கணக்குப் பார்த்தார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பார்பரா பிளாக்கும் அவர் குழுவும் நூற்றுக்கணக்கான மீன்களுக்கு மின்னணு டேக் போட்டு 2005இல் வெளியிட்டதைப் பார்த்தால், முட்டையிடத்தான் அவை தனித்தனி இடத்துக்குப் போகின்றன, ஒன்று மெக்சிகோ வளைகுடா, மற்றது மத்தியதரைக் கடல். இரை தேடும்போது கோட்டைத் தாண்டி ஒன்றாகக் கலந்துதான் திரிகின்றன. கிழக்கில் அதிகம் பிடித்தால் மேற்கும் குறையும்.

போன மாதம் அப்பாவிடம் இதையெல்லாம் உட்கார வைத்துச் சொன்னேன். கடையை விட்டு எட்டு வருடம் ஆகிறது, யீஷூனில் எங்களோடு இருக்கிறார். குறை சொல்வதாக எடுத்துக்கொள்வாரோ என்று எனக்குப் பயம். கேட்டு முடித்தவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். ஸ்டோர் ரூமில் பிஸ்கட் டின்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் கழித்து எண்ணெய்க் கறை படிந்த கணக்கு நோட்டு ஒன்றோடு வந்தார். ஜூரோங் மீன் துறைமுகத்தில் ராத்திரி வாங்கியதையெல்லாம் நாள் தவறாமல் எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பினார், நான் தேதி சரியாகச் சொல்லத் தெரியாமல் விடுமுறை, மழை, அன்று வந்த ஆள் என்று நினைவுக்கு வந்ததைச் சொன்னேன்.

"இது" என்று விரல் வைத்தார். சூரை, ஒன்று, ஆறு கிலோ நானூறு. தேதி இருந்தது. மொத்த வியாபாரியின் பெயர் இருந்தது. பெட்டி எந்தப் படகிலிருந்து வந்தது என்றுகூட ஓரத்தில் கிறுக்கி வைத்திருந்தார்.

"எல்லாம் இருக்கும்மா" என்றார். "அந்த நம்பர் மட்டும் இல்ல."

அடுத்த நாள் காலை என்னைக் கேட்காமலே பஸ் ஏறித் தேக்காவுக்குப் போய்விட்டார், பழைய கடைக்காரர்களிடம் சொல்லிவிட்டு வர. மீன் முதுகில் பிளாஸ்டிக் குழாய் கண்டால் தோண்டி எடுத்து வையுங்கள், மீனை அளந்து, தேதியையும் எங்கே வாங்கியது என்பதையும் எழுதி வையுங்கள், குழாயிலேயே யாருக்குச் சொல்லவேண்டும் என்று எழுதியிருக்கும், படிக்க முடியாவிட்டால் என் மகளைக் கூப்பிடுங்கள் என்று ஒவ்வொரு கடையாக நின்று சொன்னாராம். என் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒன்பது கடையில் கொடுத்திருக்கிறார்.