மன்றாட்டு மாலையில் ஊர்ப் பெயர்கள்

செவ்வாய்க்கிழமை வந்தால் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பாரிமுனை அந்தோணியார் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். அந்தத் தெருவை அரண்மனைக்காரத் தெரு என்பார். அரண்மனை எங்கே என்று நான் தேடியதுண்டு. ஆர்மீனியக்காரர் தெரு என்பதுதான் நம் வாயில் அப்படி மருவியது என்று பிற்பாடு தெரிந்தது. அதே தெருவில் ஆர்மீனியர்கள் 1772-ல் கட்டிய மாதா கோயில் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794-ல் சென்னையில் அச்சடித்த ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்ற குருவானவரின் கல்லறையும் அங்கேதான். சிறுவயதில் அந்தக் கல்லறைகளில் விரல் வைத்துப் பார்த்த எழுத்துகளை மறுபடி பார்த்தது ஆர்மீனியத் தலைநகர் யெரெவான் விமான நிலையத்தில்.

ஏப்ரல் 24 அன்று அங்கே இருக்க வேண்டும் என்றுதான் போனேன். 1915-ல் அந்தத் தேதியில்தான் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஒட்டோமான் துருக்கி ஆட்சியாளர்கள் ஆர்மீனிய எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், குருக்கள் என்று 200 பேருக்கு மேல் பிடித்துக்கொண்டு போனார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. திரும்பிய இசை மேதை கோமிதாஸ் குருவானவரும் மனம் உடைந்து, 1935-ல் பாரிஸ் மருத்துவமனையில் இறக்கும்வரை மீளவே இல்லை. அதன்பின் ஊர் ஊராகக் காலி செய்தார்கள். ஆண்களைக் கொன்றுவிட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவிட்டார்கள். செத்தவர்கள் 15 லட்சம் என்கிறார்கள் ஆர்மீனியர்கள். ஆய்வாளர்களின் கணக்குகள் கூடக் குறைய இருக்கின்றன. இதை இனப்படுகொலை என்று துருக்கி அரசு இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அது எனக்கு ஆறவே இல்லை.

நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். அவருடைய பாட்டிக்கு, இன்றைய கிழக்குத் துருக்கியில் இருக்கும் மூஷ் பக்கத்துக் கிராமம். முதலில் மதெனதரான் சுவடி நூலகத்துக்குத்தான் கூட்டிப்போனார். “எங்கள் ஊர்க்காரரைப் பார்த்துவிட்டு வருவோம்” என்றார். அவர் காட்டியது ஒரு புத்தகம்! 1200-க்கும் 1202-க்கும் இடையில் எழுதிய மறையுரைத் தொகுப்பு. எல்லாம் கன்றுத்தோல் ஏடுகள். 28 கிலோ எடை. 1915-ல் மூஷ் மடம் அழிந்து கிடந்தபோது இரண்டு பெண்கள் இதைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ஒருவரால் தூக்க முடியாத கனம். பாதியாகப் பிரித்து ஆளுக்கொரு பாதி சுமந்து நடந்தார்கள். ஒருத்தி எச்மியாட்சின் வந்து சேர்ந்தாள். மற்றவள் எர்ஸ்ரூமில் ஒரு கோயில் நிலத்தில் தன் பாதியைப் புதைத்துவிட்டு உயிரைவிட்டாள். அதுவும் பின்னாளில் கிடைத்தது. உயிர் பிழைக்க ஓடும்போது ரொட்டியைக் கட்டிக்கொள்ளாமல் பதினான்கு கிலோ வேதத்தை எடுத்துக்கொண்ட அந்தப் பெண்களின் பெயர் பதிவாகவில்லை. கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். தோலின் ஓரங்கள் பழுப்பேறிச் சுருண்டிருந்தன.

23-ஆம் தேதி எச்மியாட்சின். ஆர்மீனியத் திருச்சபையின் தாய்க்கோயில். 301-லேயே நாடாகக் கிறிஸ்துவை ஏற்றவர்கள் நாங்கள் என்ற பெருமை அவர்களுக்கு உண்டு. மெலிந்த மஞ்சள் மெழுகுவர்த்திகளை வாங்கி, மணல் நிரப்பிய தட்டில் குத்தி வைக்கிறார்கள். பீடத்துக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியேறுகிறார்கள். நானும் அப்படியே வந்தேன்.

வாசலில் வைத்து அந்த அம்மா சொன்னதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய கொடை. 2015 ஏப்ரல் 23 அன்று, இதே வளாகத்தில், இனப்படுகொலையில் மாண்ட அத்தனை பேரையும் திருச்சபை புனிதர்களாக அறிவித்தது. சடங்கு முடிந்தது சரியாக மாலை 7.15-க்கு, அதாவது 19:15. மணி 100 முறை ஒலித்தது. “அதுவரைக்கும் அவர்கள் ஆன்ம இளைப்பாற்றிக்காக நாங்கள் ஜெபித்தோம். அதற்குப் பிறகு அந்த ஜெபம் கிடையாது. இப்போது எங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி அவர்களிடம் கேட்கிறோம்.”

மறுநாள் காலை, இனப்படுகொலை நினைவிடம் இருக்கும் சிட்செர்னகாபெர்ட் குன்று. கைக்குழந்தையோடு வந்தவர்கள், ஊன்றுகோல் பிடித்தவர்கள், எல்லார் கையிலும் பூ. 44 மீட்டர் தூண் ஒன்று வானத்தைக் கிழித்து நிற்க, பக்கத்தில் 12 கற்பலகைகள் உள்நோக்கித் தலைகுனிந்து வட்டமாக நிற்கின்றன. நடுவில் அணையாச் சுடர். படிகள் செங்குத்தானவை, இறங்கும்போது நம் தலையும் தானாகக் குனிந்துவிடுகிறது. சுடரைச் சுற்றி கார்னேஷன், டியூலிப், லைலாக் பூக்கள் மதிலாக எழும்பிக்கொண்டிருந்தன. ஈரத் தண்டுகளின் வாசனை. கோமிதாஸின் இசை மெல்ல ஒலித்தது. பூவை வைத்துவிட்டு முழந்தாளிட்டேன். பழக்கதோஷத்தில் “நித்திய இளைப்பாற்றியை…” என்று வாய் தொடங்கிவிட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

திரும்பும் வழியில் 100 மீட்டர் நீளச் சுவர். அழிந்த ஊர்களின் பெயர்கள் அதில் செதுக்கியிருக்கின்றன. எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்தார். வான். கார்பெர்ட். எர்ஸ்ரூம். வீட்டில் அம்மா சொல்லச் சொல்ல நாங்கள் பதில் சொல்லும் புனிதர் மன்றாட்டு மாலை போலவே இருந்தது. பெயர் தெரியாத புனிதர்களை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஒவ்வொரு ஊருக்கும் தமிழில் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“மூஷ்” என்றார். அந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்” என்றேன்.