கே 86.8 செய்த வேலை

ஒரு தடவை போயிருந்தால் போதும். கணையத்துக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஒரு பரிசோதனைக்காக, அப்பாவை நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து மருத்துவமனைக்கு மூன்று தடவை கூட்டிப்போனேன்.

ஸ்கேனில் கணையத்தின் பிரதான குழாய் 9 மில்லிமீட்டர் விரிந்திருந்தது. உள்ளே சளி சுரக்கும் கட்டி இருக்கலாம் என்றார் டாக்டர். குழாய்க்குள்ளேயே கேமராவை விட்டால்தான் எதுவரை பரவியிருக்கிறது, எவ்வளவு வெட்டவேண்டும் என்று தெரியுமாம். சரி என்றோம்.

முதல் தடவை, அட்மிஷன் மேஜையிலேயே திருப்பி அனுப்பினார்கள். மெடிக்கல் எய்ட் (எங்கள் மருத்துவக் காப்பீடு) வழக்கமான இ.ஆர்.சி.பி.க்கு, அதாவது வாய்வழியாகப் பெரிய ஸ்கோப்பை விட்டுக் கணைய, பித்தக் குழாய்களை எக்ஸ்ரேயில் பார்ப்பதற்கு, மட்டும் அனுமதி தந்திருக்கிறது; குழாய்க்குள்ளேயே போகும் கேமராவான குட்டி ஸ்கோப்புக்கு இல்லை. ஒருவருக்குப் பயன்படுத்தியதும் தூக்கி எறிகிற சாமான் அது. விலையைக் கேட்டால் நமக்கும் கணையம் வலிக்கும்.

அப்புறம் போன் படலம். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், ஒவ்வொரு தடவையும் கதை முதலிலிருந்து. நாலாவது போனில் ஒரு பெண்மணிதான் கோப்பைத் திறந்தே பார்த்தார். அனுமதி கேட்கும்போது டாக்டர் அலுவலகம் போட்ட நோய்க் குறியீடு கே 86.8, அதாவது 'கணையத்தின் குறிப்பிட்ட பிற நோய்கள்'. கட்டி என்ற பேச்சே அதில் இல்லை! தன்மை உறுதியாகாத கட்டிக்கான டி 37.7ஐப் போட்டு, மோட்டிவேஷன் கடிதத்தில் (இந்தப் பரிசோதனை ஏன் தேவை என்று டாக்டர் காப்பீட்டுக்கு எழுதுவது) அந்த 9 மில்லிமீட்டரையும் எழுதும்படி டாக்டர் அலுவலகத்தில் சொன்னேன். மூன்றாம் நாள் அனுமதி வந்தது. கடிதத்தின் நகலை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். போனில் பேசினால் ரெஃபரன்ஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை கவனக்குறைவு எங்கள் பக்கமும்தான். விடியற்காலை, வெறும் வயிறு, ஊசி குத்தப்போகிற நேரத்தில் நர்ஸ் கேட்டார்: "குளோபிடோக்ரெல் எப்போது நிறுத்தினீர்கள்?" ரத்தம் உறையாமலிருக்க அப்பா போடும் மாத்திரை அது. நிறுத்தவே இல்லை, முந்தின இரவும் போட்டிருந்தார். எங்களுக்குத் தந்த தாளில் சாப்பிடக்கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதால் இதய டாக்டரைக் கேட்காமல் நாமாக நிறுத்தவும் கூடாது. அன்றும் திரும்பினோம். "பசிக்குதும்மா, ஒரு குவார்ட்டர் பீன்ஸ் பனி வாங்கிக் கொடேன்" என்றார் அப்பா, காரில். கால் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பித் தரும் டர்பன் சாப்பாடு அது. எண்ணெய் கூடாதுதான். வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாவது தடவை நடந்தது. பெரிய ஸ்கோப் வாய்வழியாகச் சிறுகுடல் வரை போகிறது. அதன் துளைக்குள்ளிருந்து மூன்றரை மில்லிமீட்டர் தடிமனில் இன்னொன்று கிளம்பிக் கணையக் குழாய்க்குள் நுழைகிறது. அதற்குள்ளும் ஒரு துளை, அதன் வழியே எறும்பின் வாய் மாதிரி ஓர் இடுக்கி. அப்பாவுக்குப் புரியவைக்க, தாயும் சேயும் என்றார் டாக்டர். எனக்குப் படத்தைக் காட்டினார்: குழாயின் சுவரில் மீன்முட்டை போலக் கொத்துக்கொத்தாக.

அன்று இரவே வயிற்றுவலி. வராமலிருக்க ஆசனவாயில் மாத்திரை வைத்திருந்தும் (அப்பா இன்னும் மன்னிக்கவில்லை) கணைய அழற்சி வந்தது. கூடுதலாக இரண்டு இரவு, அதற்கும் தனி அனுமதி. சாயங்காலமே வீடு திரும்பலாம் என்று யாராவது சொன்னால், மாற்றுத்துணியையும் கையோடு கொண்டுபோங்கள்.

வளர்ச்சி கணையத்தின் தலைப்பகுதியோடு நிற்கிறது. எடுத்த துணுக்கில் புற்றுநோய் இல்லை, ஆனாலும் அந்தப் பகுதியை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். அறுவைக்கான கடிதம் நேற்று போயிருக்கிறது. குறியீட்டை நானே பார்த்த பிறகுதான் அனுப்பவிட்டேன்.