103 டிகிரி

மே மாதம், மதியம் இரண்டு மணி. அந்த வெயிலில் கலப்பினப் பசுவுக்கு 103 டிகிரி காட்டினால் யாரும் பதற மாட்டார்கள். இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை.

கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் ஒரு செட்டியார் வீட்டுக்குக் காவல் இருக்கும் அம்மாவின் மாடு அது. காது மடலிலும் மடியின் மேலும் உண்ணிகள் ஆமணக்கு விதை போலப் பருத்துத் தொங்கின. "இத்தனை கடிக்குது, ஒரு உதறுகூட உதற மாட்டேங்குதே, ஏன் தம்பி?" என்றார்.

எனக்குப் பிடித்த பாடத்தில் வந்து கேட்டுவிட்டார். தோலில் காயம் பட்டால் அங்குள்ள செல்கள் ரசாயனத் தூது விட்டு வெள்ளை அணுக்களைக் கூப்பிடும். உண்ணியின் எச்சிலில் இருக்கும் சில புரதங்கள் அந்தத் தூதை அங்கேயே பிடித்துக்கொள்ளும். அரிப்புக்குக் காரணமான ஹிஸ்டமினையும் விடாது. "நீங்க ஆள் கூப்பிட அனுப்புன பையனை முகப்புலயே மடக்கிட்டா யாரு வருவா?" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான், "நேத்துலேருந்து பால் அரை லிட்டர் குறையுது" என்றும் சொன்னார். காதில் விழவில்லை என்று இதுவரை சொல்லி வந்தேன். விழுந்தது.

முன்தோள் பக்கம் நெறி கட்டியிருந்தது, எலுமிச்சை அளவு. உண்ணிக் கடிக்கே நெறி கட்டும், அதுவும் உண்மைதான். உண்ணி பரப்பும் ஒட்டுண்ணியான தைலேரியாவோ என்று நினைக்காமல் இல்லை. ஆனால் அதற்கான பூபார்வகுவோன் ஊசி எங்கள் கால்நடை மருந்தகத்தில் இருப்பு இல்லை. வெளியில் வாங்கச் சொன்னால் அந்த அம்மாவுக்குக் கட்டுப்படியாகாது. காதில் ரத்தம் எடுத்து ஸ்லைடில் பூசினேன். உண்ணி மருந்து எழுதினேன். அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நெறியிலேயே ஊசி குத்தி ஒரு ஸ்லைடு எடுத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

திங்கட்கிழமை 106. ஈறு மஞ்சளித்திருந்தது. அன்று நெறியில் எடுத்த ஸ்லைடில் வெள்ளை அணுக்களுக்குள் 'கோக்' நீலப் புள்ளிகள், தைலேரியாவின் அடையாளம். மருந்தை நானே வாங்கிப் போட்டேன். புதன்கிழமை மாடு இறந்தது.

இந்த தைலேரியா ஒளிந்து திரிகிற ஜாதி இல்லை. காவல்கார அணுவுக்குள்ளேயே குடியேறி, 'பெருகு, சாகாதே' என்று அதன் உள் சமிக்ஞையைத் தானே முடுக்கிவிடும். அணு இரண்டாகப் பிரியும்போது, பிரிக்கும் இழைகளைப் பிடித்துக்கொண்டு தானும் பிரிந்து இரண்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். நெறி வீங்குவது அப்படித்தான். ஒட்டுண்ணியை மருந்தால் கொன்றுவிட்டால் அந்த அணுவின் வெறி அடங்கிவிடும். அதனால்தான் சீக்கிரம் போட வேண்டும். இதையெல்லாம் சனிக்கிழமையே எனக்குத் தெரியும்.

புலிக்குளம் போன்ற நாட்டு மாடாக இருந்தால் தாங்கியிருக்கலாம். நெறி கட்டின மாட்டுக்கெல்லாம் அந்த ஊசி என்றால் ஏழைகள் மாடு வளர்க்க முடியாது. இரண்டும் சரியான பேச்சுதான். ஆனாலும் அதற்கப்புறம் ஏழெட்டு மாடுகளுக்கு ஸ்லைடு வரும் முன்பே போட்டுவிட்டேன். பாதிக்குமேல் வீண்.

போன மாதம் அந்த அம்மா புதிதாக ஒரு கிடாரி வாங்கியிருந்தார். தோளைத் தடவினேன், லேசாக ஒரு நெறி. 102. பையில் மருந்து இருந்தது. நெறியில் ஸ்லைடு மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று ராத்திரியே மருந்தகத்தைத் திறந்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தேன்.